ஒருவர் டோஸைக் கூட்டச் சொல்கிறார், இன்னொருவர் குறைக்கச் சொல்கிறார்

வாசகி கேள்வி: வணக்கம் டாக்டரம்மா. எனக்கு 41 வயது. பர்மாவின் பெகுவில் வீட்டு வாசலிலேயே காலையில் இட்லி, தோசைக் கடை போடுகிறேன். இரண்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை 75 மைக்ரோகிராம் சாப்பிடுகிறேன். மார்ச்சில் எடுத்த டெஸ்டில் டி.எஸ்.எச். 11.8, ஹீமோகுளோபின் 9.4, ஃபெரிட்டின் 8, பி12 175, வைட்டமின் டி 14. டாக்டர் இரும்பு மாத்திரை, கால்சியம், வைட்டமின் டி எழுதிக் கொடுத்து, தைராய்டு மாத்திரையை 100 ஆக்கச் சொன்னார். வாங்கி வைத்திருந்த 75 தீரட்டும் என்று நான் இன்னும் கூட்டவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதால் ஏப்ரலிலிருந்து மருந்துக் கடையில் கொடுத்த முடி மாத்திரையும் சாப்பிடுகிறேன். ஜூனில் ரங்கூன் போனபோது வேறு லேபில் பார்த்தால் டி.எஸ்.எச். 0.3, டி4 அதிகம் என்று வந்தது. அங்கே பார்த்த டாக்டர், டோஸ் அதிகமாகிவிட்டது, 50 ஆகக் குறையுங்கள் என்கிறார். ஆனால் அசதி கொஞ்சமும் குறையவில்லை. மாதவிடாய் எட்டு ஒன்பது நாள் போகிறது. விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. மறந்துவிடக் கூடாதே என்று எல்லா மாத்திரையையும் காலை நாலு மணிக்கு, அடுப்பு மூட்டியதும், லபெயே டீயோடு ஒரே வாயில் போட்டுக்கொள்கிறேன். கேஸ் மாத்திரையும் தினமும் உண்டு. அம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஆறு வருடமாக அசைவம், முட்டை இல்லை. இத்தனை மாத்திரை உடம்புக்குச் சூடு, தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டு முதலில் ரத்தம் ஊறப் பார் என்கிறார் மாமியார். நான் யார் பேச்சைக் கேட்பது? என் 17 வயது மகளும் சோர்ந்து சோர்ந்து படுக்கிறாள். என் இரும்பு மாத்திரையை அவளுக்கும் கொடுக்கலாமா?

பதில்:

வணக்கம்மா. தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். இப்போதைக்குக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், 75-லேயே இருங்கள். டி4 தைராய்டு சுரக்கும் ஹார்மோன்; டி.எஸ்.எச். அதைச் சுரக்கச் சொல்லி மூளையடியிலிருந்து வரும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் ஏறும், அதிகமானால் இறங்கும். இரண்டு டாக்டர்களும் கையில் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நாலு மணி டீயும், ஒரே வாயில் போடும் மாத்திரைகளும், நடுவில் வந்து சேர்ந்த முடி மாத்திரையும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு நீங்கள் எழுதியதால் தெரிந்தது.

முதலில் அந்த முடி மாத்திரை. டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள், பயோட்டின் என்று எழுதியிருக்கும். நம் உடம்புக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கும். அதனால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் ரத்தப் பரிசோதனையைக் குழப்பிவிடும். லேப் மெஷின்கள் பலவற்றில், பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும் குணத்தை வைத்துத்தான் ஹார்மோனை அளக்கிறார்கள். உங்கள் ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்திருந்தால் அந்தப் பிடி குலைகிறது. அப்போது டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும், டி4 உள்ளதைவிட அதிகமாகவும் வரும். தைராய்டு அதிகமாகிவிட்ட ஆளின் ரிப்போர்ட் போலவே இருக்கும். பார்க்கும் டாக்டருக்குச் சந்தேகமே வராது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. எல்லா மெஷினிலும் இப்படி ஆகாது. அதனால்தான் ஒரு லேபில் ஒரு மாதிரியும் இன்னொரு லேபில் வேறு மாதிரியும் வருகிறது.

உங்கள் விஷயத்தில் ஜூன் ரிப்போர்ட்டை நான் நம்பாததற்கு வேறு காரணமும் உண்டு. மார்ச்சிலிருந்து ஜூன் வரை தைராய்டு டோஸ் மாறவில்லை. நடுவில் புதிதாகச் சேர்ந்தவை இரும்பும் கால்சியமும். இரண்டும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் தடுப்பவை. அப்படியிருக்க டி.எஸ்.எச். 11.8-லிருந்து இன்னும் ஏறியிருந்தால் ஆச்சரியமில்லை, 0.3-க்கு இறங்கியதுதான் பொருந்தவில்லை. இறங்கியது உண்மையென்றால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, எடை குறைவது என்று ஏதாவது எழுதியிருப்பீர்கள். நீங்கள் எழுதியதில் அவை எதுவும் இல்லை.

ஆகவே முடி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். குறைந்தது இரண்டு நாள் இடைவெளி போதும் என்பார்கள். உங்களுடையது பெரிய டோஸாக இருக்கும் என்பதால் ஒரு வாரம் விடச் சொல்வேன். அப்புறம் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டை மட்டும் காலையில், அன்றைய தைராய்டு மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுங்கள். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் ரத்தத்தில் டி4 உச்சத்துக்குப் போய்விடும், அது வேறு ஒரு குழப்பம். மற்ற டெஸ்டுகளை இப்போது திரும்ப எடுத்துக் காசைக் கரைக்க வேண்டாம். அப்போதும் டி.எஸ்.எச். 0.3 என்றே வந்தால் ரங்கூன் டாக்டர் சொன்னது சரி, அவரிடம் திரும்பப் போங்கள். மூட்டு வலிக்கோ உடம்பு வலிக்கோ கடையில் கலந்து கட்டிக் கொடுக்கும் மாத்திரைப் பொட்டலம் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அதுவும் டி.எஸ்.எச்.சை இறக்கிக் காட்டும்.

நான் எதிர்பார்ப்பது டி.எஸ்.எச். உயர்ந்தே இருக்கும் என்பதைத்தான். அப்படி வந்தாலும் உடனே 100-க்குத் தாவ வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் 75 விழுங்குகிறீர்கள், ஆனால் ரத்தத்துக்குப் போவது 75-க்கு உரிய அளவு இல்லை. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டாலே, தைராய்டு மாத்திரையில் உள்ள லெவோதைராக்சினில் 70 முதல் 80 சதவீதம்தான் குடலில் ஏறும். இரும்பும் கால்சியமும் கூடவே போனால் வயிற்றுக்குள்ளேயே அதைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். காபியும் உறிஞ்சுவதைக் குறைக்கும். பால் சேர்ந்த டீயும் நல்ல துணையில்லை. கேஸ் மாத்திரை வயிற்று அமிலத்தை அடக்குகிறது. தைராய்டு மாத்திரை நன்றாகக் கரைய அந்த அமிலம் வேண்டும். இதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு டோஸை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும்? நாளைக்கே யாராவது இரும்பு மாத்திரையை மதியத்துக்கு மாற்றச் சொல்வார்கள், அன்றிலிருந்து 100-ம் முழுசாக ஏறும், நெஞ்சு படபடக்கும். ரத்த சோகை உள்ளவருக்கு இதயம் ஏற்கனவே கூடுதலாக வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இனி மாத்திரை நேரம். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம், தாதுக்கள் சேர்ந்த மல்டிவிட்டமின், அசிடிட்டிக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து இவற்றுக்கும் நடுவே நாலு மணி நேரம் வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். புத்தகத்தில் எழுதுவது சுலபம்; நாலு மணிக்கு அடுப்பு மூட்டி, மாவு கலக்கி, சட்னிக்குத் தாளிக்கும் ஆள் ஒரு மணி நேரம் டீ இல்லாமல் இருப்பாரா? இருக்க முடிந்தால் நாலு மணிக்குத் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, ஐந்து மணிக்கு லபெயே என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் இரவுக்கு மாற்றுங்கள். ராச்சாப்பாட்டை ஆறு, ஆறரைக்குள் முடித்து, மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது ஒரு மாத்திரை, தண்ணீர். நடுவில் டிவி பார்த்துக்கொண்டே லபெத்தோ என்ற டீ இலைக் கலவை, நொறுக்குத் தீனி என்று எதுவும் கூடாது. இரவில் போட்டாலும் காலையில் போட்டாலும் வேலை செய்வதில் குறைவில்லை, தினமும் ஒரே மாதிரி போட வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு இரவுதான் ஒத்துவரும் என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்றும் நாளில் அரை நாள் தள்ளிப்போகுமே என்று பயப்பட வேண்டாம்; இந்த மருந்தில் பாதி ரத்தத்திலிருந்து கழியவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

அதே காரணத்தால்தான் நேரத்தை மாற்றிய பலனை அடுத்த வாரமே டெஸ்டில் தேடக் கூடாது. ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துப் பாருங்கள். அதே லேப், அதே கம்பெனி மாத்திரை. அப்போதும் டி.எஸ்.எச். உயரமாக இருந்தால், கூட்டச் சொன்ன டாக்டர் சொன்னபடி கூட்டிக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

மாத்திரையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அடுப்படி அலமாரியில் என்றால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். தைராக்சின் சூட்டிலும் ஈரத்திலும் வெளிச்சத்திலும் வீரியம் இழக்கும். நம் ஊர் ஏப்ரல் வெயிலைச் சொல்லவே வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில் ஃபிரிட்ஜை நம்புவதும் சரியில்லை, உள்ளே ஈரம் கட்டும். வீட்டிலேயே குளுமையான உள்ளறையில், வந்த பாட்டிலிலோ அட்டையிலோ அப்படியே இருக்கட்டும். உதிர்த்துச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தால் கடைக்காரரிடம் அட்டையோடு கேளுங்கள்.

அடுத்தது இரும்பு. ஹீமோகுளோபின் அன்றன்றைக்கு உலையில் போடும் அரிசி என்றால் ஃபெரிட்டின் குதிரில் இருக்கும் நெல். உங்கள் குதிர் காலி. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்த சோகை. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே என்றால் இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். முடி கொட்டுவதற்கும் அசதிக்கும் தைராய்டு பாதி, இது பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. தைராய்டு சுரப்பி சொந்தமாக ஹார்மோன் செய்ய உதவும் நொதிக்கு இரும்பு வேண்டும். தைராய்டு குறைந்தால் மாதவிடாய் அதிகம் போகும். அதிகம் போனால் இரும்பு குறையும். நீங்கள் அதற்கு இரும்பு மாத்திரை சாப்பிட, அது தைராய்டு மாத்திரையைத் தடுக்க, உங்கள் வீட்டில் இந்தச் சுற்று மார்ச்சிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரும்பு மாத்திரையை, கடை முடிந்து பாத்திரம் கழுவி உட்காரும் பதினோரு மணி வாக்கில் போடுங்கள். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போட்டால் நல்லது, இல்லாவிட்டால் கொய்யாப்பழம். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம் டீ கூடாது. லபெயே மட்டும்தான் டீ என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மேசையில் கெண்டியில் வைக்கும் யேநுவேஜானும் டீதான், லபெத்தோவும் டீ இலைதான். மூன்றும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பெகுவில் இருந்துகொண்டு டீயை விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நேரத்தை மட்டும் தள்ளி வையுங்கள்.

தினம் இரண்டு, மூன்று என்று போட வேண்டியதில்லை. ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரலிலிருந்து ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, சுமார் ஒரு நாள் வரை குடலின் கதவைச் சாத்திவிடும். அதனால் இரும்பு குறைந்த பெண்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால், போட்ட மாத்திரையில் உடம்பில் சேரும் பங்கு கூடுகிறது, வயிற்றுப் புரட்டலும் குறைகிறது. 60 மில்லிகிராம் அளவு தனி இரும்பு உள்ள மாத்திரை போதும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள், குதிர் நிறைய இன்னும் மூன்று மாதம் ஆகும்.

பனைவெல்லம், பேரீச்சம்பழம், பீட்ரூட் இவற்றால் ரத்தம் ஊறும் என்று மாமியார் சொல்வார். சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் ஃபெரிட்டின் 8-ஐ பீட்ரூட்டின் நிறம் தூக்கிவிடாது. பருப்பு, கொண்டைக்கடலை, அவித்த பட்டாணி, முருங்கைக்கீரை, சின்பாங் என்று இங்கே குவித்து விற்கும் புளிச்சகீரை, இவை தினச் சாப்பாட்டில் இருக்கட்டும். முட்டைக்கோஸ், கடுகுக்கீரை தைராய்டுக்கு ஆகாது என்றும் சொல்வார்கள். அயோடின் உப்பு பயன்படுத்தும் வீட்டில், சமைத்துச் சாப்பிடும் அளவில் ஒன்றும் ஆகாது. சோயா தைராய்டு மாத்திரையை ஓரளவு தடுக்கும். அதனால் வெள்ளை டோஃபுவை மாத்திரை நேரத்திலிருந்து தள்ளி வையுங்கள். ஷான் டோஃபு கடலை மாவில் செய்வது, அதற்கு இந்தக் கவலை இல்லை.

எட்டு ஒன்பது நாள் உதிரம் போவதை மாத்திரையால் மட்டும் ஈடுகட்ட முடியாது. மகப்பேறு மருத்துவரிடம் காட்டிக் கர்ப்பப்பையை ஸ்கேன் செய்துவிடுங்கள். இந்த வயதில் நார்க்கட்டி இருப்பது சகஜம். வயல் பக்கம் செருப்பில்லாமல் நடக்கும் பழக்கம் இருந்தால் கொக்கிப்புழுவுக்கும் பார்க்க வேண்டும். மூலத்தில் ரத்தம் போகிறதா என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

பி12 விஷயத்தைத்தான் இந்தக் கடிதத்தில் நான் மிகவும் அவசரமாக நினைக்கிறேன், நீங்கள் அதை நடுவில் ஒரு எண்ணாக எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். 200-க்குக் கீழே என்றால் குறைவுதான். அத்துடன் விரல் மரத்துப்போகிறது என்றால் நரம்பு பேச ஆரம்பித்துவிட்டது. தைராய்டு குறைவிலும் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு விரல் மரக்கும், அது வேறு. எது என்று கையைப் பார்த்து டாக்டர் சொல்வார், அதற்காக பி12-ஐத் தொடங்காமல் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரை பலவற்றில் போலிக் அமிலம் சேர்ந்தே இருக்கும். பி12 இல்லாமல் போலிக் அமிலம் மட்டும் போனால் ரத்தம் தேறியது போலத் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். அதனால் இரும்பும் பி12-ம் சேர்ந்து நடக்கட்டும். நரம்புத் தொல்லை இருப்பதால் முதலில் ஊசி, அப்புறம் 1,000 மைக்ரோகிராம் மாத்திரை என்று போவது வழக்கம். பி12 தைராய்டு மாத்திரையைத் தொந்தரவு செய்யாது.

அசைவம் விட்டதுதான் காரணம் என்று முடித்துவிடவும் கூடாது. தயிர், பால் சாப்பிடுகிறீர்கள் என்றால் கொஞ்சமாவது பி12 வந்திருக்கும். தினசரி கேஸ் மாத்திரை பி12-ஐயும் இரும்பையும் சேர்த்தே குறைக்கும். அதைவிட முக்கியம்: தைராய்டைத் தாக்கும் அதே எதிர்ப்புச் சக்திக் கோளாறு, சிலருக்கு வயிற்றின் உள்சுவரையும் தாக்குகிறது. அப்போது அமிலம் குறையும், பி12 ஏறாது, இரும்பு ஏறாது, தைராய்டு மாத்திரையும் சரியாக ஏறாது. ஹெச். பைலோரி கிருமி வயிற்றில் குடியிருந்தாலும் ஏறக்குறைய இதே கதை. நேரத்தை ஒழுங்குபடுத்தி இரண்டு மூன்று மாதம் ஆன பிறகும் எண்கள் அசையவில்லை என்றால், டோஸைத் துரத்துவதை விட்டுவிட்டு வயிற்றைப் பாருங்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். கேஸ் மாத்திரையை நீங்களாகத் திடீரென்று விட்டால் எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அது இன்னும் தேவையா, எப்படிக் குறைப்பது என்று அவரையே கேளுங்கள்.

வைட்டமின் டி பெரிய கவலை இல்லை. மதியச் சாப்பாட்டோடு போடுங்கள், எண்ணெய் உள்ள சாப்பாட்டில் நன்றாகச் சேரும். 60,000 யூனிட் என்று எழுதியிருந்தால் அது வாரத்துக்கு ஒன்று. தினமும் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. கால்சியம் கட்டாயம் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டுமென்றால் அதுவும் மதியச் சாப்பாட்டோடு, இரும்பிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி.

மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: தைராய்டு மாத்திரை வெளி மருந்து மாதிரி இல்லை, உடம்பே செய்ய வேண்டிய ஹார்மோனைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம். அதை நிறுத்தினால் மாதவிடாய் இன்னும் அதிகம் போகும், அவர் ஏற்றச் சொல்கிற ரத்தம் இன்னும் இறங்கும். மாத்திரை நிறைய இருக்கிறது என்று அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. முடி மாத்திரை இன்றோடு போகிறது, கால்சியமும் கேஸ் மாத்திரையும் ஒருவேளை போகலாம்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இதயம் தாறுமாறாக அடித்தாலோ, நடக்கும்போது கால் தடுமாறினாலோ மேலே சொன்ன எந்தக் காத்திருப்பும் வேண்டாம், அன்றே போய்க் காட்டுங்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் முதலில் கர்ப்பமா என்று பாருங்கள். அப்படியிருந்தால் தைராய்டு டோஸை உடனே கூட்ட வேண்டிவரும்.

மகளுக்கு உங்கள் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பர்மாவில் ஹீமோகுளோபின் ஈ என்ற பரம்பரை ஹீமோகுளோபின் மாற்றமும், தலசீமியா என்ற பரம்பரை ரத்த சோகையும் நிறையப் பேருக்கு உண்டு. நம் குடும்பங்களிலும் கலப்புத் திருமணங்கள் உண்டு அல்லவா, நமக்கு வராது என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு இரும்பு குறையாமலேயே ரத்த அணுக்கள் சின்னதாக இருக்கும், ஹீமோகுளோபினும் கொஞ்சம் குறைவாகக் காட்டும். ‘ரத்தம் கம்மி’ என்று மாதக்கணக்கில் இரும்பு கொடுத்தால் பலனில்லை, உடம்பில் தேவையில்லாமல் சேரவும் செய்யும். மகளுக்கு முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், டி.எஸ்.எச். மூன்றும் எடுங்கள். தைராய்டு தாயிடமிருந்து மகளுக்கு வரக்கூடியது என்பதால்தான் மூன்றாவது. ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் இரும்பு கொடுக்கலாம். நன்றாக இருந்தும் அணுக்கள் சின்னதாக இருந்தால் ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரெசிஸ் என்ற டெஸ்ட் ரங்கூனில் எடுக்கலாம். உங்கள் ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட்டில் எம்.சி.வி., அதாவது சிவப்பணுக்களின் சராசரி அளவு, எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை; இருப்பு நிறைந்த பிறகும் அந்த எண் 80-க்குக் கீழேயே நின்றால் உங்களுக்கும் அதே டெஸ்ட் வேண்டும்.